சர்க்கரை இறங்கும்வரை ஈறு சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 53. 11 வருடமாகச் சர்க்கரைக்கு இரண்டு வகை மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். போன மாதம் எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.8. ஆறு மாதமாகப் பல் துலக்கும்போதெல்லாம் ரத்தம் வருகிறது. கீழ் முன்பற்கள் இரண்டு லேசாக ஆடுகின்றன. வலி துளியும் இல்லை. ஈறுக்கு அடியில் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார் பல் மருத்துவர். ‘சர்க்கரைக்காரிக்குப் புண் ஆறாது, முதலில் 7-க்கு இறங்கட்டும். சுத்தம் செய்தால் இருக்கிற பல்லும் ஆடிப்போகும்’ என்கிறார்கள் வீட்டில். ஆடுகிற இரண்டையும் பிடுங்கிப்போட்டால் தொல்லை விட்டதா? இன்னொன்று: என் கணவருக்கும் ஈறில் ரத்தம் வருகிறது. அவருக்குச் சர்க்கரை கிடையாது. என்னிடமிருந்து தொற்றியிருக்குமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். எச்பிஏ1சி 8.8 இருக்கும்போதே ஈறைச் சுத்தம் செய்துகொள்ளலாம், செய்துகொள்ளவும் வேண்டும். 7-க்கு இறங்கட்டும் என்று காத்திருப்பது, அடுப்பை அணைக்காமல் பால் பொங்கி அடங்கட்டும் என்று நிற்கிற கதை. உங்கள் சர்க்கரை இறங்காமல் அடம்பிடிப்பதில் அந்த ஈறுக்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும்.

வீட்டில் சொல்வது முழுக்கத் தப்பும் அல்ல. ஈறைக் கீறித் திறந்து செய்கிற அறுவை, இம்ப்ளான்ட் (எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்), அவசரமில்லாமல் பல் எடுப்பது, இவற்றுக்கெல்லாம் சர்க்கரை கட்டுக்குள் வரட்டும் என்று காத்திருப்பதில் நியாயம் உண்டு. புண் ஆறத் தாமதமாகும், தொற்று வர வாய்ப்பு கூடுதல். ஸ்கேலிங்கும் (பல்லில் இறுகிய அழுக்கைச் சுரண்டுவது) வேர்ச் சுத்தமும் அந்தக் கணக்கில் வராது. அங்கே ஏற்கெனவே இருக்கிற புண்ணுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கை எடுக்கிறோம், அவ்வளவுதான். ஈறில் சீழ் கட்டி வீங்கினாலோ கதையே வேறு. சர்க்கரை எத்தனை இருந்தாலும் அன்றைக்கே வடித்தாக வேண்டும், சீழ் உள்ளே கிடக்கும்வரை சர்க்கரையை இறக்குவது கடினம். வழக்கமான சுத்தத்தை நான் ஒத்திப்போடச் சொல்வது ஒரே ஒரு நிலையில்: அன்றைய ரத்தச் சர்க்கரை 300-க்கு மேல் போய், கூடவே அடங்காத தாகம், வாந்தி, அசதி என்று உடம்பு காட்டினால். அப்போது போக வேண்டிய இடம் பல் மருத்துவமனை அல்ல, சர்க்கரை மருத்துவரிடம், அதுவும் உடனே.

வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சொத்தைப் பல்லில் கிருமி நரம்பைத் தொடுகிறது, வலிக்கிறது. ஈறு நோயில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு பை போலப் பள்ளம் விழுகிறது. பையின் வாய் திறந்தே இருப்பதால் உள்ளே ஊறுகிற சீழ் தானாகக் கசிந்து வெளியேறிவிடும். அழுத்தம் ஏறாது, வலியும் வராது. எலும்பு மட்டும் சத்தமில்லாமல் கரைந்துகொண்டே இருக்கும். பயோரியா என்று பழைய தலைமுறை சொன்னது இதைத்தான். உங்களுக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை அந்த ரத்தம். நல்ல ஈறில் பிரஷ் பட்டால் ரத்தம் வராது. ரத்தத்தைப் பார்த்துப் பயந்து அந்த இடத்தில் துலக்குவதை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். அழுக்கு இன்னும் சேர்ந்து, ரத்தம் இன்னும் கூடுகிறது. நீங்கள் அப்படிச் செய்துகொண்டிருந்தால் இன்றே மாற்றுங்கள்.

1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம்போல ஆனபோது அடங்கிவிட்டது. ஆரம்பக் கட்டத்தில் ஈறு எவ்வளவு சீக்கிரம் கெடுமோ அவ்வளவு சீக்கிரம் திரும்பவும் செய்யும். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் மட்டும் அந்தச் சலுகை கிடையாது. இருப்பதைக் காப்பாற்றுவதே வேலை. அதே லோ 1993-இல் எழுதிய கட்டுரையில், கண், சிறுநீரகம், நரம்பு என்று நீளும் சர்க்கரை நோயின் பின்விளைவுகளில் ஈறு நோயை ஆறாவதாக வைத்தார். முதல் ஐந்துக்கும் வருடாவருடம் பரிசோதனை எழுதிக்கொடுக்கிற இடங்களில்கூட ஆறாவதை இன்னும் மறந்துவிடுகிறார்கள் என்பது என் குறை.

இனி, சர்க்கரை ஈறை எப்படிக் கெடுக்கிறது என்று பார்ப்போம். பல் எலும்பில் ஆணி அடித்தமாதிரி இறுகி நிற்பதில்லை. கொலாஜன் என்ற புரதத்தால் ஆன ஆயிரக்கணக்கான நார்கள் வேரைச் சுற்றி எலும்போடு கட்டித் தொங்கவிட்டிருக்கின்றன. இந்த நார்கள் தேய்வதும் புதிதாக முளைப்பதுமாக ஓயாமல் பழுதுபார்க்கப்படுபவை. ரத்தத்தில் சர்க்கரை மாதக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் அது கொலாஜனோடு போய் ஒட்டி, நார்களை ஒன்றோடொன்று பின்னி விறைக்க வைக்கிறது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும் வேலை தடைப்படுகிறது. இப்படிச் சர்க்கரை ஒட்டிய புரதங்களைக் கண்டால் நம் பாதுகாப்பு அணுக்கள் எரிச்சலடைந்து, தேவைக்கு மேல் அழற்சிப் பொருள்களைக் கொட்டுகின்றன. கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளை அணுக்களோ சரியாக வேலை செய்வதில்லை. சுருங்கச் சொன்னால் கிருமி சாகாது, சண்டையும் ஓயாது, நடுவில் நாரும் எலும்பும் அழிகின்றன. கட்டுப்பாடில்லாத சர்க்கரை இருப்பவர்களுக்குக் கடும் ஈறு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டிலிருந்து மூன்று மடங்கு. ‘கட்டுப்பாடில்லாத’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சர்க்கரையை நன்றாக வைத்திருப்பவரின் ஈறு, சர்க்கரையே இல்லாதவரின் ஈறை ஒட்டியே இருக்கும்.

மறுபக்கம், ஈறு சர்க்கரையை ஏற்றுவது. வாயில் பெரும்பாலான பற்களைச் சுற்றி 5, 6 மி.மீ. ஆழத்துக்குப் பை விழுந்திருந்தால், அந்தப் பைகளின் உட்சுவரை எல்லாம் வெட்டி விரித்து வைத்தால் கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கைப் பரப்பளவுக்குப் புண் தேறும். சர்க்கரை நோயாளிக்குக் காலில் அந்த அளவில் சீழ்ப் புண் இருந்தால் வீடே பதறும். வாயில் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. அங்கிருந்து கிருமிகளும் அழற்சிப் பொருள்களும் நாள் முழுக்க ரத்தத்தில் கசிகின்றன. இவை இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காதபடி செய்கின்றன. காய்ச்சல் வந்தால் சர்க்கரை எகிறுவது உங்களுக்கே தெரிந்திருக்கும். காரணம் பெரும்பாலும் அதேதான். ஈறு விஷயத்தில் இது மெல்ல, வருடக்கணக்கில் நடக்கும்.

அப்படியானால் ஈறைச் சரிசெய்தால் எச்பிஏ1சி எவ்வளவு இறங்கும்? கொஞ்சம்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022-ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) அலசல், சிகிச்சை முடிந்து 3, 4 மாதத்தில் சராசரியாக 0.43 இறங்கியதாகச் சொல்கிறது. 2013-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் இறக்கமே தெரியவில்லை. அதில் சிகிச்சைக்குப் பிறகும் பலருக்கு ஈறில் ரத்தம் வந்துகொண்டே இருந்தது, ஈறு முழுதாக ஆறாதபோது சர்க்கரை எப்படி இறங்கும் என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகப் படுகிறது. எப்படியிருந்தாலும் 8.8 இருப்பது 6.8 ஆகிவிடும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். 8.4 ஆனால் நல்ல பலன். மருத்துவர் இன்னொரு மாத்திரை சேர்ப்பதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடக்கூட அது உதவலாம். அதற்காக நீங்களாகவே மாத்திரையைக் குறைக்க வேண்டாம்.

சிகிச்சையில் எங்கே கோளாறு நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ‘பல் சுத்தம்’ என்ற ஒரே பேரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, ஈறுக்கு மேலே கண்ணுக்குத் தெரியும் காரையை (கல்லாக இறுகிப்போன அழுக்கை) எடுத்து, பற்களைப் பளபளப்பாக்கி 15, 20 நிமிடத்தில் அனுப்பிவிடுவது. இன்னொன்று, மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் பையின் அடிவரைக்கும் கருவியை இறக்கி வேரில் கருங்கல்போல ஒட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எடுப்பது. உங்களுக்குத் தேவை இரண்டாவது. வாய் முழுக்கச் செய்ய வழக்கமாக 2-லிருந்து 4 முறை வரச் சொல்வார்கள். மேலே மட்டும் எடுத்துவிட்டால் பையின் வாய்ப்புறம் இறுகி ரத்தம் கொஞ்சம் குறையும், குணமான மாதிரி இருக்கும். அடியில் எலும்பு பாட்டுக்குக் கரையும். இது அரைகுறை வேலையிலும் மோசமானது, ஏனென்றால் எச்சரிக்கை மணியை மட்டும் அது நிறுத்திவிடுகிறது.

எது நடக்கப்போகிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. மி.மீ. கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஈறுக்குள் விட்டு மருத்துவர் அளப்பார். அளக்காமலே சுத்தத்தைத் தொடங்கினால், ‘பை ஆழம் எவ்வளவு?’ என்று கேளுங்கள். 1-லிருந்து 3 மி.மீ. வரை நல்லது. 4, 5 என்றால் நோய். 6-ம் அதற்கு மேலும் என்றால் சுத்தத்துக்குப் பிறகும் சில இடங்களில் கூடுதல் சிகிச்சை தேவைப்படலாம். எலும்பு எவ்வளவு மிச்சம் என்று எக்ஸ்ரே சொல்லும். இந்த எண்கள் எழுதிய தாளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது ஒப்பிட அதைவிட நல்ல சாட்சி இல்லை. எச்பிஏ1சி தாளையும் மறக்காமல் காட்டுங்கள். இப்போது ஈறு நோயை வகைப்படுத்தும் முறையில் எச்பிஏ1சி 7-ம் அதற்கு மேலும் இருந்தால் வேகமாக முற்றக்கூடிய பிரிவில் சேர்ப்பார்கள். நீங்கள் அந்தப் பிரிவு. ஒரு நாளைக்கு 10 சிகரெட்டும் அதற்கு மேலும் பிடிப்பவரும் அதே பிரிவுதான். புகைப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, ஈறில் ரத்தமே வராமல் மறைத்துவிடும்.

போகிற நாளில் காலை நேரம் கேட்டு வாங்குங்கள். வழக்கம்போலச் சாப்பிட்டு, வழக்கம்போல மாத்திரை போட்டுக்கொண்டு போங்கள். பல் மருத்துவரிடம் வெறும் வயிற்றில்தான் போக வேண்டும் என்று நினைத்து மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வருபவர்களுக்குத்தான் நாற்காலியிலேயே சர்க்கரை தாழ்கிறது. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் குறைவு. உங்கள் இரண்டாவது மாத்திரை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குளூக்கோமீட்டரைக் கையோடு எடுத்துப்போங்கள். வியர்த்து, கை நடுங்கி, 70-க்குக் கீழே காட்டினால் 15 கிராம் குளூக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரு விஷயம் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை: ஊசியின் மரப்பு இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். அதற்குள் மென்றால் உதட்டையும் கன்னத்தையும் கடித்துக்கொள்வீர்கள், சாப்பிடாமலே இருந்தால் சர்க்கரை தாழும். அந்த இடைவெளிக்கு மெல்ல வேண்டாத உணவாக ஏதாவது தயாராக வைத்திருங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுபவராக இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆன்டிபயாடிக் இந்தச் சுத்தத்துக்கு வழக்கமாகத் தேவையில்லை. ‘சர்க்கரை இருக்கிறதே, ஒரு கோர்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்’ என்றால் எதற்கு என்று கேட்கலாம், தப்பில்லை.

சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும் என்ற பயத்துக்கு வருகிறேன். பயம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. வருடக்கணக்கில் சேர்ந்த காரை, கீழ் முன்பற்களின் பின்புறத்தில் அணை கட்டியமாதிரி ஒரே கட்டியாக நின்று, ஆடுகிற பற்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும். அதை எடுத்ததும் ஒவ்வொரு பல்லும் தன் உண்மையான பலத்தில் நிற்கும். முதல் சில நாள் ஆட்டம் கூடின மாதிரி இருக்கும். நாக்கு போய்ப் போய் அந்த இடைவெளியைத் துழாவும். வீங்கியிருந்த ஈறு வற்றிச் சுருங்குவதால் பல் நீண்டதுபோலத் தெரியும், வேர் வெளியே தெரியும், குளிர்ந்த நீர் பட்டால் சுள்ளென்று கூசும். சுத்தம் செய்தவர் பல்லைக் கெடுத்துவிட்டார் என்று முடிவுகட்டி இரண்டாம் முறைக்குப் போகாமல் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்ட்டை இரவில் துலக்கியபின் விரலால் தடவி அப்படியே விட்டுவிடுங்கள். சில வாரத்தில் மட்டுப்படும். அழற்சி வடிய வடிய நார்கள் மறுபடி இறுகி, ஆட்டமும் பெரும்பாலும் குறையும்.

அதனால்தான் பல் பிடுங்கும் முடிவை இப்போது எடுக்காதீர்கள். முன்னும் பின்னும் 1 மி.மீ. வரை ஆடினால் முதல் நிலை, அதைத் தாண்டினால் இரண்டாம் நிலை. விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கி எழும்பினால் மூன்றாம் நிலை. அதைக் காப்பாற்றுவது கடினம். ‘லேசாக’ என்று நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் நிலையாக இருக்கத்தான் வாய்ப்பு. கடைசிச் சுத்தத்துக்குப் பிறகு 8-லிருந்து 12 வாரம் பொறுத்து, மறுபடி அளந்துவிட்டு முடிவு செய்யலாம். ஆட்டம் மிச்சமிருந்தால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து உள்புறம் கம்பி கட்டி ஒட்டிவிடும் வழியும் உண்டு. இரண்டைப் பிடுங்கினால் அந்த இரண்டின் தொல்லைதான் போகும். மற்ற பற்களைச் சுற்றி நோய் அப்படியே இருக்கும். அந்த இடத்தில் வைக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் இதேபோன்ற நோய் வரக்கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்று: அம்லோடிபின். சிலருக்கு இந்த மாத்திரை ஈறைத் தடிக்க வைத்து, பல்லிடுக்குகளில் குமிழ்போல வளர வைக்கும். அடியில் அழுக்கு இருந்தால் வளர்ச்சி அதிகம். உங்கள் ஈறு சிவந்து மட்டும் இருக்கிறதா, தடித்தும் இருக்கிறதா என்று பல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தடித்திருந்தால் வேறு மாத்திரை மாற்றலாமா என்று ரத்த அழுத்தத்துக்குப் பார்க்கிற மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் செய்வதற்கு மென்மையான பிரஷ் போதும். தூரிகை பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி 45 டிகிரி சாய்த்து, அந்த இடத்திலேயே சின்னதாக அதிரவிட்டு, இரண்டு இரண்டு பல்லாக நகருங்கள். காலையும் இரவும் 2 நிமிடம். அது பல்லின் முன்னும் பின்னும் போகும், இடுக்குக்குள் போகாது. ஈறு நோய் தொடங்குவதோ பெரும்பாலும் இடுக்கில். அதற்குப் பல்லிடுக்கு பிரஷ் வாங்குங்கள். நடுக்கம்பி பல்லில் உரசாமல், முடி இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டு போக வேண்டும். திணிக்க வேண்டியிருந்தால் ஒரு அளவு சிறியது எடுங்கள். கீழ் முன்பற்களுக்கு ஒரு அளவு, கடைவாய்க்கு இன்னொன்று தேவைப்படும். வீக்கம் வற்றியதும் இடுக்கு அகலும், பழைய அளவு தொளதொளக்கும், அப்போது மாற்றுங்கள். முதல் வாரம் இதில் ரத்தம் ஒட்டிக்கொண்டு வரும். விடாமல் செய்தால் குறைவதைப் பார்ப்பீர்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தால் அங்கே அடியில் காரை மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம், மருத்துவரிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

வாய் கொப்பளிக்கும் மருந்துகள் பைக்குள் இறங்குவதில்லை. குளோர்ஹெக்சிடின் கொடுத்தால் 0.2 சதவீதக் கரைசலில் 10 மி.லி., ஒரு நிமிடம், இரண்டு வேளை, இரண்டு வாரம். அதற்கு மேல் போனால் பல் பழுப்பேறும், நாக்கில் ருசி மாறும். பேஸ்ட்டில் துலக்கியதற்கும் இதற்கும் அரை மணி இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பேஸ்ட்டின் நுரைப்பொருள் மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

கன்னமோ தாடையோ வீங்குவது, காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமம் என்று வந்தால் முன்பதிவுக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடத்தில் ஈறில் சீழ்க் கொப்புளம் கிளம்பினால் சர்க்கரையை அன்றைக்கே சோதியுங்கள். பெரும்பாலும் அது தாறுமாறாக ஏறியிருக்கும்.

அடுத்த எச்பிஏ1சி-யைக் கடைசிச் சுத்தத்திலிருந்து மூன்று மாதம் கழித்து எடுங்கள். சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள், அதற்கு முன்னால் எடுத்தால் பழைய கணக்குதான் பெரிதும் தெரியும். அந்தத் தாளைப் பல் மருத்துவருக்கும், ஈறு அளவுத் தாளைச் சர்க்கரை மருத்துவருக்கும் காட்டுங்கள். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈறைப் பார்த்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டியிருக்கும். அளவுகள் நின்று நிலைத்தால் இடைவெளியைக் கூட்டலாமா என்று மருத்துவர் சொல்வார்.

கணவருக்கு உங்களிடமிருந்து தொற்றியதா என்றால், ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குள் எச்சில் வழியாகக் கிருமிகள் போய்வரக்கூடும்தான். ஆனால் கிருமி வந்துவிட்டதாலேயே நோய் வந்துவிடாது. அழுக்கு தங்கி, உடம்பும் இடம்கொடுத்தால்தான் வரும். அவரையும் ஈறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ‘சர்க்கரை கிடையாது’ என்பது எப்போது சோதித்துச் சொன்னது? ஈறு நோய் முற்றியவர்களில் சிலருக்கு அதுவரை தெரியாத சர்க்கரை இருப்பது பல் நாற்காலியில்தான் முதலில் சந்தேகப்படப்படுகிறது. வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும், அல்லது எச்பிஏ1சி 6.5-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய் என்று கொள்வார்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் இன்னொரு முறை சோதித்து உறுதிசெய்வார்கள். எச்பிஏ1சி 5.7-லிருந்து 6.4 வரை என்றால் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். சோதித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், நீங்கள் பல் மருத்துவரிடம் போகிற அதே வாரத்தில் அவரையும் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.